தடித்த எழுத்தில் வராத எண்: ஒரு புராஸ்டேட் நிகழ்வு ஆய்வு

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு ஊரில் பொதுநல மருத்துவராக இருக்கிறேன். கீழே வருவது என்னிடம் வந்த ஒருவருக்கு நான்கு வருடங்களில் நடந்தது. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்றரை வருடம் முன்பே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாமதம் பெரும்பாலும் என்னுடையது.

பின்னணி: ஆகஸ்ட் 2021

அப்போது அவருக்கு 63 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காக மாதாமாதம் வருவார். அன்று மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர் எழுந்துவிட்டார். மனைவி எழுந்திருக்கவில்லை. "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறாரு டாக்டர். அவரு வாயால சொல்ல மாட்டாரு" என்றார். அவர் மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வண்டி ஓட்டிய காலத்தில் டிரிப் முடியும்வரை அடக்கி அடக்கிப் பழகிவிட்டதாகவும், வயதானால் எல்லாருக்கும் இப்படித்தானே என்றும் அவராகவே ஒரு சமாதானம் சொன்னார்.

நீர்த் தொந்தரவை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அவருக்கு 17 வந்தது. ஸ்கேனில் புராஸ்டேட் 52 மி.லி. இருந்தது, சாதாரணமாக 20, 25 இருக்க வேண்டியது. நீர் கழித்த பிறகும் பையில் 90 மி.லி. தேங்கியிருந்தது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. 3.4.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய்க்கென்று தனியாகச் சுரப்பது அல்ல. சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமித் தொற்று வந்தாலும் கூடும், நீர் அடைத்துக்கொண்டாலும் கூடும். லேப் தாளில் '0–4' என்று எல்லை போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும், தாண்டாவிட்டால் வராது. 3.4 தடிமனாக வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வயதாக ஆகப் புராஸ்டேட் வீங்குவது சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள நடுப்பகுதியில். அதனால்தான் நீர் தடைப்படுகிறது. புற்று பெரும்பாலும் தொடங்குவதோ மலக்குடல் பக்கமாக உள்ள வெளிப்பகுதியில். அது குழாயை நெருங்க வெகுகாலம் ஆகும். ஆகவே இரவில் நாலு தடவை எழுந்திருப்பவருக்குப் புற்று இல்லாமல் இருக்கலாம். புற்று உள்ளவர் விடியும்வரை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். தொந்தரவு இருக்கிறதே என்று வருகிறவரைத்தான் நாம் சோதிக்கிறோம். இவர் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன, ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டு.

அன்று இரண்டு விஷயங்களை நழுவவிட்டேன். விரல் வைத்துச் செய்யும் மலக்குடல் பரிசோதனைக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் வேணாம் சார்" என்றார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டேன். "இல்ல சார். அண்ணனுக்கு எலும்புல கேன்சர் வந்துச்சு, அதுலதான் போய்ட்டாரு" என்றார். அட்டையில் 'அண்ணன் – எலும்புப் புற்று' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரையை, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். முதலாவது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும்; இரண்டாவது சில மாதங்களில் சுரப்பியையே சுருக்கும். அந்த அளவு வீக்கத்துக்கு அது சரியான மருந்துதான், இன்றும் அதையே எழுதுவேன். மூன்று மாதத்தில் இரவில் எழுந்திருப்பது இரண்டு தடவையாகக் குறைந்தது.

2022, 2023: இரண்டு 'நார்மல்' ரிப்போர்ட்டுகள்

2022 அக்டோபரில் கோவையில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஏற்பாடு செய்தார். ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. 2.6. முதல் தடவை 3.4, இப்போது 2.6, குறைந்திருக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். 'நார்மல்' என்று நானே கைப்பட எழுதினேன். 2023 ஜூனில் 3.3 வந்தது. அதுவும் தடித்த எழுத்தில் இல்லை. அன்று அவருக்குக் காலில் ஒரு புண் இருந்தது, பேச்சு முழுக்க அதைப் பற்றியே போனது.

டூட்டாஸ்டெரைடு பி.எஸ்.ஏ.வைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிடுகிறவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஃபினாஸ்டெரைடுக்கும் இதே கணக்குதான். மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது, எனக்கும் தெரியும். அப்படியானால் 3.4 பாதியாகி 1.7 பக்கம் வந்திருக்க வேண்டும். 2.6 வந்தது என்றால் உண்மையில் 5.2. அடுத்த வருடம் 3.3 என்றால் 6.6. அதைவிட முக்கியம், மாத்திரை சாப்பிடும்போது ஒரு தடவை இறங்கிய எண் மறுபடி ஏறினால், எல்லைக்குள் இருந்தாலும் அதை விசாரிக்க வேண்டும். நான் மாத்திரையை ஒரு தாளிலும் பி.எஸ்.ஏ.வை வேறொரு தாளிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 2024: பழனிப் பாதையில்

தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்களோடு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். இரண்டு ராத்திரி பனியில் படுத்ததில் சளி பிடித்துக்கொண்டது. வழியில் மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கி வேளைக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார். ஒட்டன்சத்திரம் வந்தபோது நீர் சுத்தமாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாகி, உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் விடியும்வரை துடித்திருக்கிறார்.

மூக்கொழுகலை நிறுத்தும் மாத்திரைகள் பலவற்றிலும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தோடு மூக்கடைப்பு நீக்கும் மருந்தும் கலந்திருக்கும். முதலாவது பையின் சுருங்கும் சக்தியைக் குறைக்கும். இரண்டாவது பையின் வாசலை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தால் நீர் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு எச்சரிக்கையை 2021-லேயே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அவருக்கு வந்திருக்காது.

காலையில் அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் டியூப் போட்டார்கள். 900 மி.லி. வந்தது. நீரில் தொற்றும் இருந்தது. அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் பி.எஸ்.ஏ.வும் ஒன்று: 14.8. இந்தத் தடவை தடித்த எழுத்தில்தான் வந்தது.

மகன் அன்றிரவே கோவையிலிருந்து வந்துவிட்டார். நாளைக்கே பயாப்சி (ஊசியால் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடலாமா என்று கேட்டார். நீர் அடைத்து, டியூப் போட்டு, தொற்றும் இருக்கும் நேரத்தில் எடுத்த பி.எஸ்.ஏ.வை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது, தொற்று அடங்கி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றேன். தொற்று இருக்கும்போது ஊசி குத்துவதும் ஆபத்து. இது சரியான முடிவு. ஆனால் ஆறு வாரம் என்பது எனக்கு ஒரு எண், அவர்களுக்கு நாற்பத்திரண்டு ராத்திரி. மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார்.

மூன்றாம் நாள் டியூப்பை எடுத்தபோது நீர் தானாக இறங்கியது. மாத்திரையைத் தொடர்ந்தோம்.

மார்ச் 2024: மஞ்சப் பை

ஆறு வாரம் கழித்து 3.9 வந்தது. மகன் போனிலேயே "தேங்க்ஸ் டாக்டர்" என்றார். முருகன் காப்பாற்றிவிட்டார் என்று மனைவி சொன்னார். பதினான்கிலிருந்து நாலுக்குள் வந்துவிட்டது. அன்று எனக்கும் அந்த நிம்மதி தொற்றிக்கொண்டது உண்மை. 14.8-ஐப் பார்த்துப் பயந்தவர்களுக்கு 3.9 மிகச் சின்ன எண்ணாகத் தெரிந்தது.

அவர்கள் நேரில் வந்தபோது மனைவி ஒரு மஞ்சப் பையைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்த எல்லாக் காகிதங்களும் அதில் இருந்தன. இன்ஷூரன்ஸுக்கு எது தேவைப்படும் என்று பிரித்துத் தரச் சொன்னார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பி.எஸ்.ஏ. எண்களை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன்: 3.4, 2.6, 3.3, 14.8, 3.9. அடைப்பின்போது வந்ததை அடித்துவிட்டேன். மீதி நான்கையும் பார்த்துக்கொண்டிருந்தபோது பையின் அடியிலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. ஒவ்வொரு குழிக்கும் நேரே பேனாவால் தேதி எழுதியிருந்தது.

"இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர். மறந்துட்டு ரெண்டு தடவ போட்டுருவாரு."

அந்த அட்டை முக்கியம். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவருக்கு இரட்டிப்புக் கணக்கு பொருந்தாது. இவர் ஒரு நாளும் தவறவில்லை. அப்படியானால் 3.9 என்பது 7.8. ரிப்போர்ட்டுகளை இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்க்கிறேன். எனக்கு வியர்த்துவிட்டது.

அதே பையில் வேறு கையெழுத்தில், ஓரம் செல்லரித்த ஒரு டிஸ்சார்ஜ் தாளும் இருந்தது. இறந்துபோன அண்ணனுடையது. 2009-இல் இடுப்பு வலி என்று போயிருக்கிறார். எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு முழுக்கப் பரவல். அதற்கு மேல் வரியில், புற்று தொடங்கிய இடம்: புராஸ்டேட். செய்த அறுவை: இரண்டு விரைகளையும் நீக்கியது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று ஒடுங்கும் என்று 1941-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஹார்மோனை நிறுத்தும் ஊசிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு அன்றும் இன்றும் இந்த அறுவைதான். வீட்டில் அதை 'ஹெர்னியா மாதிரி ஒரு ஆபரேஷன்' என்றே சொல்லியிருக்கிறார்கள். 2010-இல், 61 வயதில் இறந்தார். அண்ணிக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவரும் இப்போது இல்லை.

அண்ணன் தம்பிக்கோ அப்பாவுக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2021-இல் இது தெரிந்திருந்தால் 3.4-ஐயே வேறு மாதிரி படித்திருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. குடும்பத்தில் அந்த நோய்க்கு வைத்த பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கே இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன், என் பிழை உட்பட. மனைவி ஒன்றும் பேசவில்லை. அவர்தான், "சரி சார், இப்ப என்ன பண்ணணும்?" என்றார். மலக்குடல் பரிசோதனைக்கு இந்தத் தடவை மறுக்கவில்லை. அரை நிமிட வேலை. இடது பக்கத்தில், மூக்கு நுனிபோல் இருக்க வேண்டிய இடம் ஓரிடத்தில் மட்டும் முட்டி எலும்பைத் தொட்டதுபோல் கெட்டியாக இருந்தது.

யூரோ டாக்டரிடம் அனுப்பினேன். அவர் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். பி.எஸ்.ஏ. கூடினால் நேரே பயாப்சி என்பது பழைய வழக்கம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடம் இருந்தால் அங்கே குறிவைத்து எடுப்பது இப்போதைய வழி. இதனால் தேவையில்லாத பயாப்சி குறைகிறது, முக்கியமான புற்று தப்புவதும் குறைகிறது. இவருக்கு இடது வெளிப்பகுதியில் 11 மி.மீ. அளவில் ஒரு இடம். ஐந்தில் நான்காவது படி சந்தேகம். சுரப்பி சுருங்கி 41 மி.லி. ஆகியிருந்தது. பி.எஸ்.ஏ. 7.8-ஐச் சுரப்பியின் அளவான 41-ஆல் வகுத்தால் 0.19, 0.15-ஐத் தாண்டினாலே சுரப்பியின் பருமனை மட்டும் காரணம் காட்ட முடியாது.

பயாப்சியை மலக்குடல் வழியாக எடுக்காமல் விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக எடுத்தார்கள். சர்க்கரை உள்ளவர், சமீபத்தில் தொற்று வந்தவர் என்பதால் அது பாதுகாப்பு. இரண்டு நாள் நீரில் ரத்தம் கலந்து வந்தது, பிறகு நின்றது. 14 துண்டுகளில் மூன்றில் புற்று. கிளீசன் (புற்றுச் செல்களின் வீரியத்துக்குப் போடும் மதிப்பெண்) 3+4, அதாவது ஐந்து தரங்களில் இரண்டாவது. அண்ணனுக்கு நேர்ந்ததை நினைத்து அவர் கேட்டதால் எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். இந்த நிலைக்கு அது கட்டாயமில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. எலும்பில் ஒன்றும் இல்லை.

இந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு: உடனே கை வைக்காமல் நெருக்கமாகக் கண்காணிப்பது, அறுவை, கதிர்வீச்சு. பிரிட்டனில் 1,643 பேரை இந்த மூன்று வழிகளிலும் பிரித்து 15 வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல்; மற்ற இரண்டிலும் ஐந்து பேர் அளவு. இதை அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

என் அபிப்பிராயம் கண்காணிப்பு. அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "வண்டியில ஒரு சத்தம் கேட்குதுன்னா அதைக் கேட்டுக்கிட்டே என்னால ஓட்ட முடியாது சார். டிப்போவுல விட்டுருவேன்" என்றார். அறுவை வேண்டாம் என்பதிலும் தெளிவாக இருந்தார். நீர் கசியும், துணி வைத்துக்கொண்டு திரிய முடியாது என்றார். மனைவி வெளியே போன பிறகு தாம்பத்தியம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டு சிகிச்சையிலும் பாதிப்பு வரலாம், அறுவையில் உடனே, கதிர்வீச்சில் மெல்ல மெல்ல என்று உள்ளதைச் சொன்னேன். 'கரண்ட் வைப்பது', அதாவது கதிர்வீச்சு என்று முடிவானது.

பின் நடந்தவை

2024 ஜூலையில் வாரத்துக்கு ஐந்து நாளாக நான்கு வாரத்தில் 20 தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துப் பை நிரம்பிய நிலையில் அசையாமல் படுக்க வேண்டும். நிறையப் பேருக்கு அதுதான் கஷ்டம். இவருக்கு முப்பது வருடப் பழக்கம் முதல் தடவையாக உதவியது. மூன்றாவது வாரத்திலிருந்து நீர்க்கடுப்பு, அவசரம். ஒன்றரை மாதத்தில் அடங்கியது. மறு வருடம் மே மாதம் இரண்டு தடவை மலத்தில் ரத்தம் தெரிந்தது. சோதித்ததில் கதிர்வீச்சின் விளைவுதான், தானாக நின்றது.

டூட்டாஸ்டெரைடை நிறுத்திவிட்டோம், இனி எண்ணை இரட்டிக்க வேண்டாம். கதிர்வீச்சுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மெல்லத்தான் இறங்கும். 2025 ஜூலையில் 0.8. தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு, அதனால் 0.8 அடுத்த முறை 1.0 ஆனாலும் பதற வேண்டாம் என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது என் கிளினிக்கில் மாறியிருப்பவை

டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு எழுதும் ஒவ்வொருவரின் அட்டை முகப்பிலும் சிவப்பு மையில் '×2' என்று போடுகிறேன். வேறு மருத்துவரிடம் போனாலும் தெரியட்டும் என்று மருந்துச் சீட்டிலும் போடுகிறேன். பி.எஸ்.ஏ.வைத் தனித் தாளாக வைப்பதில்லை. அட்டையின் உள்பக்கத்தில் ஒரே கட்டத்தில் தேதி, எண், அப்போது சாப்பிட்ட மாத்திரை, தொற்றோ டியூப்போ இருந்ததா என்பதை எழுதுகிறோம். சளி மாத்திரை எச்சரிக்கையை என் நர்ஸ் வாய்விட்டுச் சொல்லி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்.

குடும்ப வரலாறு கேட்கும் விதத்தை மாற்றியதுதான் பெரிய மாற்றம். 'புராஸ்டேட் புற்றுநோய் உண்டா' என்று கேட்பதில்லை. அப்பா, அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா, மாமா யாராவது இறந்திருந்தால் கடைசியில் எங்கே வலித்தது, டியூப் இருந்ததா, என்ன ஆபரேஷன், பழைய ஃபைல் வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறேன். 'இடுப்பு வலி, அப்புறம் நடக்க முடியல' என்ற பதிலுக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுகிறேன்.

மாற்றாத ஒன்றும் உண்டு. இவர் விஷயம் ஊரில் பரவியதும் 81 வயதுப் பெரியவர் ஒருவர் வந்து, "எனக்கும் அந்த ரத்த டெஸ்ட் எழுதுங்க" என்றார். இதய நோய் உள்ளவர், நீர்த் தொந்தரவு இல்லை, எலும்பு வலியும் இல்லை. எழுதவில்லை. ஐரோப்பாவில் 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் 23 வருட முடிவு 2025-இல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. ஆனால் அந்தப் பலன் தெரிய வருடக்கணக்கில் ஆகும். இடையில் உயிருக்கு ஆபத்தே தராத புற்றைக் கண்டுபிடித்து வீணாக வைத்தியம் பார்ப்பதும் நடக்கும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்கப் பரிந்துரையும் சொல்கிறது. 55 முதல் 69 வரை உள்ளவர்களிடம் நன்மை தீமை இரண்டையும் சொல்லி, வேண்டுமா என்று கேட்கிறேன். குடும்பத்தில் இருந்தால் 45-லிருந்தே கேட்கிறேன்.

அவருடைய தம்பிக்கு 58 வயது. மஞ்சப் பை வந்த அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1.1. எந்த மாத்திரையும் சாப்பிடாதவர், அதனால் 1.1 என்றால் 1.1-தான்.

இறந்த அண்ணனுக்கு ஒரு மகன். 45 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அப்பாவின் டிஸ்சார்ஜ் தாளை ஜெராக்ஸ் எடுத்து அவருக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினார்கள். சித்தப்பா இரண்டு தடவை போன் செய்தார். நானும் ஒரு தடவை பேசினேன். "சீசன் முடிஞ்சதும் வர்றேன் சார்" என்றார். இதை எழுதும்வரை வரவில்லை. அவர் பெயரில் ஒரு அட்டை போட்டு, முகப்பில் நட்சத்திரக் குறியும் போட்டு, மேசையின் மேல் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.